தொட்டி மீன்கள் திடீரென்று செத்துப் போனால் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

காலையில் எழுந்து தொட்டி விளக்கைப் போடுகிறீர்கள். நேற்று ராத்திரி வரை தீனி டப்பாவைத் தொட்டாலே கண்ணாடிக்கு ஓடி வந்த மீன்களில் நாலைந்து மேலே மிதக்கின்றன, ஒன்று பில்டர் குழாயில் ஒட்டிக் கிடக்கிறது, மிச்சம் இருப்பவை மூலையில் ஒதுங்கி மூச்சு வாங்குகின்றன. உடனே நம் கை போவது தொட்டியைக் காலி செய்யத்தான். மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கல்லையெல்லாம் அலசி, பில்டர் பஞ்சைக் குழாயடியில் வைத்துக் கசக்கி, புதுத் தண்ணீர் ஊற்றி, பிழைத்த மீன்களை அதில் விடுவது.

தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். மீன் ஏன் செத்தது என்பதற்கான தடயம் முக்கால்வாசி அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது, கொட்டினால் போச்சு. அதைவிட முக்கியம், மீன் கழிவில் வரும் விஷத்தைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா குடியிருப்பது பில்டர் பஞ்சிலும் அடியில் கிடக்கும் கல்லிலும். அதையும் கழுவித் தள்ளிவிட்டால் இன்றைக்குப் பிழைத்த மீன்கள் அடுத்த வாரம் போகும், அப்போது "என்ன செய்தாலும் சாகுதே" என்று மனம் வெறுத்துவிடும்.

முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சுத்தமான தண்ணீர் பாட்டில் ஒன்றில் தொட்டித் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, மூடி, தேதியும் நேரமும் எழுதி பிரிட்ஜில் வையுங்கள். தொட்டிக்குள் கை விடும் முன் ஹீட்டர், பில்டர், விளக்கு எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள், ஏனென்றால் உடைந்த ஹீட்டர் உங்களுக்கே ஆபத்து. செத்த மீன்களை எடுங்கள், ஆனால் எல்லாவற்றையும் தூக்கிப் போடாமல் புதிதாகச் செத்தது மாதிரி இருக்கும் ஒன்றை ஒரு தட்டில் வையுங்கள், அதைப் பார்க்கும் வேலை இருக்கிறது. எத்தனை மீன் இருந்தது, எத்தனை கிடைத்தது என்று எண்ணுங்கள். கட்டைக்குப் பின்னாலோ பில்டர் அடியிலோ இரண்டு நாளாக அழுகிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய சக்கர் மீனே சின்னத் தொட்டியைக் கெடுத்துவிடப் போதும். எல்லாம் முடிந்ததும் ஏர் பம்ப்பை முழு வேகத்தில் போடுங்கள், பில்டரையும் ஓட விடுங்கள். தீனி போடவே வேண்டாம், இரண்டு நாள் பட்டினி கிடந்தால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் தண்ணீரைச் சோதித்துவிட்டு, சோதனைப் பெட்டி இல்லையென்றால் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, குளோரின் நீக்கிய தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, பழைய தொட்டியைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

நம் வீடுகளில் மீன் செத்தால், வீட்டுக்கு வந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஆறுதல் மனதுக்கு நல்லதுதான், நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன். ஆனால் அதோடு விட்டுவிட்டு அதே தொட்டியில் அடுத்த வாரம் புது மீன் வாங்கி விடுவதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம். காரணம் அங்கேயே இருக்கும்போது புது மீனும் அதே வழியில்தான் போகும்.

சரி, தேட ஆரம்பிப்போம். முதல் கேள்வி, யார் செத்தார்கள், எந்த வரிசையில்?

ஒரே இரவில் பல வகை மீனும் மொத்தமாகப் போயிருந்தால் அது பெரும்பாலும் நோய் அல்ல. நோய் ஒவ்வொன்றாகத்தான் எடுக்கும், எடுக்கும் முன் அடையாளமும் காட்டும். மொத்தச் சாவு என்றால் மூச்சுக்குத் தேவையான ஆக்சிஜன் தீர்ந்திருக்க வேண்டும், இல்லை தண்ணீரில் ஏதோ விஷம் சேர்ந்திருக்க வேண்டும். நாளைக்கு ஒன்று, இரண்டு நாளைக்கு ஒன்று என்று போனால் அம்மோனியா, நைட்ரைட் அல்லது நோய். இறால் வளர்ப்பவர்கள் கவனியுங்கள்: இறால் எல்லாம் செத்து மீன் மட்டும் நன்றாக இருந்தால் பூச்சி மருந்தையோ தாமிரம் கலந்த மீன் மருந்தையோ சந்தேகப்படலாம். நேற்று வாங்கியது மட்டும் செத்து, பழையவை சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் தொட்டியில் பிரச்சினை இல்லை, வந்த விதத்தில் பிரச்சினை.

இதில் மிக அழகான தடயம் ஒன்று உண்டு. பைட்டர், கௌராமி மாதிரி மீன்களுக்குத் தலையில் செவுளுக்கு மேலே தனியாக ஒரு மூச்சு உறுப்பு இருக்கிறது, அவை மேலே வந்து காற்றையே நேராக விழுங்கி வாழும். ஆகவே கோல்டு பிஷ், ஏஞ்சல், மோலி எல்லாம் செத்து, பைட்டரும் கௌராமியும் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி நீந்திக்கொண்டிருந்தால் ஆக்சிஜன் தீர்ந்துதான் மற்றவை போயின என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். கூடவே, பெரிய மீன்கள் முதலில் போயிருந்து, சின்னவை பிழைத்திருந்து, சாவு விடியற்காலையில் நடந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். விடியற்காலை ஏன் என்றால், தொட்டியில் இருக்கும் செடிகள் பகலில் ஆக்சிஜனை விடுமே தவிர ராத்திரியில் அவையும் மீனோடு போட்டி போட்டு மூச்சு விடும், அதனால் விளக்கு போடுவதற்கு முந்தைய நேரத்தில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும்.

வெயில் காலத்தில் இது இன்னும் மோசம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான், 35 டிகிரியில் 7-க்கும் கீழே. அதே சமயம் தண்ணீர் சூடாக ஆக மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும். மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் தொட்டி வைத்திருப்பவர்கள் பத்து மீன் இருக்க வேண்டிய இடத்தில் இருபது வைத்திருந்தால், ராத்திரி மூன்று மணி நேரம் கரண்ட் போனாலே கதை முடியலாம். கரண்ட் போன நேரத்தில் வேறு வழி இல்லையென்றால் ஒரு மக்கில் தொட்டித் தண்ணீரை எடுத்து ஓரடி உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப அதிலேயே ஊற்றுங்கள், கை வலித்தாலும் பலன் நிச்சயம். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

கேனிஸ்டர் பில்டர், அதாவது தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா பில்டர், வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பல மணி நேரம் கரண்ட் இல்லாமல் பில்டர் நின்றுவிட்டால், மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து உள்ளே இருக்கும் கழிவு அழுக ஆரம்பிக்கும். கரண்ட் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் வரும். "கரண்ட் வந்த பிறகுதான் சார் செத்துச்சு" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு பில்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டி, மோந்து பார்த்து, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் ஒரு முறை அலசிவிட்டு ஓட விடுங்கள்.

இரண்டாவது கேள்வி, கடைசி இரண்டு நாளில் என்ன மாறியது? வீட்டில் எல்லாரிடமும் கேளுங்கள், கோபப்படாமல் கேளுங்கள், கோபப்பட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். குழந்தை பாசத்தில் பாதி டப்பா தீனியைக் கொட்டியிருக்கலாம். அது ராத்திரி முழுக்க ஊறி, தண்ணீர் பால் மாதிரி வெளுத்து, அந்த வெளுப்புக்குக் காரணமான பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்றிருக்கும். யாராவது கண்ணாடியைச் சோப்பு போட்டுத் துடைத்திருக்கலாம். பக்கத்து அறையில் பெயிண்ட் அடித்திருக்கலாம். மீனுக்குத் தண்ணீர் பிடித்த பக்கெட் நேற்று பினாயில் கரைத்த பக்கெட்டாக இருக்கலாம். தொட்டிக்கென்று தனி பக்கெட் வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரும் சொல்வது இதனால்தான்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டடித் தொட்டி, இரண்டு வருடமாக ஒரு தொல்லையும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை தோறும் கால்வாசித் தண்ணீர் மாற்றுவேன். ஒரு ஞாயிறு வழக்கம்போல் மாற்றிவிட்டுச் சாப்பிடப் போய்த் திரும்பினால் மீன்கள் கண்ணாடியில் மோதி மோதி ஓடுகின்றன, வாயை மேலே வைத்துத் திணறுகின்றன, ஒரு மணி நேரத்தில் ஏழு மீன் போய்விட்டது. எப்போதும் போடும் அளவு ஆன்டி குளோரின் போட்டிருந்தேன், அதனால் குளோரினாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்று மாலை கீழே வாட்ச்மேனிடம் பேசும்போதுதான் தெரிந்தது, முந்தின நாள் அபார்ட்மெண்ட் மேல்நிலைத் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருக்கிறார்கள், யாருக்கும் சொல்லவில்லை. வழக்கமான அளவு மருந்து அந்தக் குளோரினுக்கு எங்கே போதும். அந்த ஏழில் இரண்டு என் மகள் பேர் வைத்து வளர்த்தவை. அன்றிலிருந்து பக்கெட்டில் பிடித்த தண்ணீரைச் சோதிக்காமல் தொட்டியில் ஊற்றுவதில்லை.

அந்தச் சோதனை ரொம்ப எளிது. குடிநீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்க மாநகராட்சி ஆட்கள் ஒரு சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்களே, தண்ணீர் மஞ்சளாக மாறுமே, அதே சோதனைதான், ஓ.டி. (OT) கரைசல் என்று கேட்டால் கிடைக்கும். மஞ்சள் அடர்த்தியாக இருந்தால் குளோரின் அதிகம். நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தின்படி குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மீதம் இருக்க வேண்டும், அது நம் வயிற்றுக்கு நல்லது, ஆனால் மீனின் செவுளுக்கு அந்த அளவே அதிகம். மழைக்காலத்தில் தொற்று பயத்தால் குளோரினைக் கூட்டியும் விடலாம். தண்ணீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுக்க வைத்து ஏர் ஸ்டோன் போட்டு வைத்தால் குளோரின் பறந்துவிடும். மாற்றிய ஓரிரு மணி நேரத்துக்குள் மீன்கள் திணறின என்றால் முதல் சந்தேகம் குளோரின், அடுத்தது வெப்பம். மத்தியானம் மேல்நிலைத் தொட்டியிலிருந்து நேராக வரும் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்குமே, அதைக் கையால் தொட்டுப் பார்க்காமல் ஊற்றியிருந்தால் காரணம் அதுவாகவும் இருக்கலாம். போர் தண்ணீரில் குளோரின் இல்லை என்றாலும், ஆழத்திலிருந்து வந்த உடனே அதில் ஆக்சிஜன் குறைவாக இருக்கக்கூடும், அதையும் சில மணி நேரம் காற்று ஏற்றிவிட்டு ஊற்றுவதே நல்லது.

இப்போது அம்மோனியா. தொட்டி மீன்களை அதிகம் கொல்வது இதுதான் என்பது என் கருத்து, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மீன் செவுள் வழியாகவும் கழிவாகவும் அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும், மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுதான் வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம், கடைசியில் வருவது அவ்வளவு கெடுதல் இல்லாதது. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா பெருகி நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடையில் தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்கி வந்து வைத்தவர்களுக்குப் பத்துப் பதினைந்து நாளில் மீன் வரிசையாகச் சாவது இதனால்தான், அதில் உங்கள் கைராசிக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

பழைய தொட்டியிலும் இது நடக்கும். போகிக்கு வீட்டை ஒட்டடை அடித்துக் கழுவும்போது தொட்டியையும் சேர்த்து மொத்தமாகக் கழுவுவார்கள், பில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்து வெள்ளை வெளேரென்று ஆக்குவார்கள், தொட்டி பளபளவென்று இருக்கும். மாட்டுப் பொங்கல் தாண்டுவதற்குள் மீன்கள் சோர்ந்து அடியில் படுக்கும். பஞ்சில் இருந்த பாக்டீரியாவைக் குழாய்த் தண்ணீர்க் குளோரின் கொன்றிருக்கும், கல்லைக் கழுவியதில் மிச்சமும் போயிருக்கும். இனிமேல் பஞ்சைக் கழுவினால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் லேசாக அலசுங்கள், பழுப்பாகவே இருக்கட்டும், கல்லையும் பஞ்சையும் ஒரே நாளில் தொடாதீர்கள்.

இதைக் கண்டுபிடிக்கச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி வேண்டும். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) நான்கும் இருப்பதாக வாங்குங்கள். காகிதத் துண்டை நனைத்துப் பார்க்கும் வகையில் பலவற்றில் அம்மோனியாவே இருக்காது, அட்டையைப் படித்து வாங்குங்கள். டிடிஎஸ் மீட்டர் வைத்துக்கொண்டு "தண்ணி சூப்பரா இருக்கு" என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கிறேன். டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும், அதில் அம்மோனியா இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருப்பதும் ஒரு சாட்சி இல்லை.

அம்மோனியா பூஜ்யமாக இருக்க வேண்டும். 0.5 பிபிஎம் (லிட்டருக்கு அரை மில்லிகிராம்) காட்டினாலே நடவடிக்கை எடுக்க வேண்டிய நிலைதான், ஆனால் அந்த எண்ணைத் தனியாகப் பார்க்கக் கூடாது, பிஎச்சோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சோதனைப் பெட்டி காட்டும் மொத்த அம்மோனியாவில் ஒரு பகுதிதான் கடும் விஷம். 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் அந்தப் பகுதி அரை சதவீதத்துக்குச் சற்று மேல், பிஎச் 8 என்றால் 5 சதவீதத்துக்கு மேல். அதாவது ஒரே அளவு அம்மோனியா பிஎச் 8-ல் கிட்டத்தட்ட பத்து மடங்கு கொல்லும். பல ஊர்களில் போர் தண்ணீர் பிஎச் 7.5-க்கு மேலே இருப்பதால் நாம் இதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரையும் தனியாகச் சோதியுங்கள், இரண்டையும் ஒப்பிட்டால்தான் பிரச்சினை வெளியிலிருந்து வருகிறதா, உள்ளே உருவாகிறதா என்று புரியும்.

அம்மோனியா இல்லை, நைட்ரைட் ஏறியிருக்கிறது என்றால் மீன் வேறு விதமாகத் திணறும். நைட்ரைட் ரத்தத்தில் கலந்து ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்யும், ரத்தமே காபி நிறமாகிவிடும், தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். இதற்குச் சமையலறையிலேயே உடனடி உதவி இருக்கிறது. அயோடின் சேர்க்காத கல் உப்பு, லிட்டருக்கு 1 கிராம் கணக்கில், தனியாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். உப்பில் இருக்கும் குளோரைடு செவுளில் நைட்ரைட்டை உள்ளே விடாமல் தடுக்கும். கூடவே தண்ணீர் மாற்றுவதும் நடக்க வேண்டும். அளவு போட உதவியாக ஒரு கணக்கு: இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் விளிம்பு வரை 56 லிட்டர் பிடிக்கும், கல்லும் மேலே விடும் இடமும் போக 45 முதல் 50 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்தை அதிகம் ஊற்றிக் கொன்றவர்களில் பாதிப் பேர் லிட்டர் கணக்கைத் தப்பாகப் போட்டவர்கள்தான்.

முன்னால் சொன்ன விதிவிலக்குக்கு வருகிறேன். ஆறு மாதம், ஒரு வருடமாகத் தண்ணீரே மாற்றாமல், வற்றியதற்கு மட்டும் ஊற்றிக்கொண்டு ஓடிய தொட்டிகள் உண்டு. மீன்கள் அதில் உயிரோடு இருக்கும், அதனால் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். உள்ளே நடப்பது வேறு. பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அமிலம் சேரும், அதைத் தாங்கிப் பிடிக்கும் காரத்தன்மை தீர்ந்துபோய் பிஎச் 6-க்கும் கீழே இறங்கும், அந்த அளவில் பாக்டீரியாவும் சோர்ந்துவிடும், அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும், ஆனால் பிஎச் குறைவாக இருப்பதால் அது விஷமில்லாத வடிவில் சும்மா கிடக்கும். ஒரு நாள் நல்ல எண்ணத்தோடு நீங்கள் பாதித் தண்ணீரை மாற்றிப் பிஎச் 8 உள்ள புதுத் தண்ணீரை ஊற்றுகிறீர்கள். பிஎச் ஏறியதும் மீதமிருந்த அம்மோனியாவில் ஒரு பகுதி கடும் விஷமாக மாறும், மீன்கள் அன்று மாலையே போகும். "தண்ணி மாத்தினாலே சாகுது, அதனாலதான் மாத்துறதே இல்ல" என்று பலர் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இதுதான், பாவம் அவர்கள் பார்த்ததும் உண்மைதான், புரிந்துகொண்டது மட்டும் தலைகீழ்.

ஆகவே உங்கள் தொட்டித் தண்ணீர் பிஎச் 6.5-க்குக் கீழே, குழாய்த் தண்ணீர் 7.5-க்கு மேலே, அம்மோனியாவும் ஏறியிருக்கிறது என்றால் ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு மாற்றாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை பத்தில் ஒரு பங்கு, மெதுவாக, அம்மோனியாவைக் கட்டும் மருந்து கையில் இருந்தால் அதையும் போட்டு, ஒன்றிரண்டு வாரத்தில் கொண்டு வாருங்கள்.

கொசு மருந்தைப் பற்றி நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. கொசுவர்த்தி, பிளக்கில் மாட்டும் திரவம், கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரே, வீட்டுக்கு ஆள் வந்து அடிக்கும் பூச்சி மருந்து, இவற்றில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை. மனிதர்களுக்குச் சின்ன அளவில் பெரிய தொல்லை தராது, மீனுக்கும் இறாலுக்கும் கடும் விஷம். இதில் ஏர் பம்ப் என்ன செய்யும் தெரியுமா, அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள்ளேயே விடும். கொசு மருந்தும் ஏர் பம்ப்பும் ஒரே பிளக் போர்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். அறிகுறி தனியாகத் தெரியும்: மீன் வெறி பிடித்தது மாதிரி ஓடும், சுழலும், உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும், அப்புறம் பக்கவாட்டில் சாயும். அப்படிப் பார்த்தால் பாதித் தண்ணீரை மாற்றி, பில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் (விஷத்தை உறிஞ்சும் கரி) போட்டு, ஏர் பம்ப்பை வேறு அறைக் காற்றை இழுக்கும்படி குழாய் நீட்டி வையுங்கள். பூச்சி மருந்து அடிக்க ஆள் வருகிறார்கள் என்றால் தொட்டி இருக்கும் அறையை அவர்கள் தொடவே வேண்டாம்.

ஹீட்டர் வைத்திருந்தால் அது அணையாமல் சிக்கிக்கொண்டதா என்று தெர்மாமீட்டர் சொல்லும். சென்னை மாதிரி ஊரில் வருடத்தில் பெரும்பகுதி ஹீட்டரே தேவைப்படாது, வெயில் காலத்தில் கழற்றி வைத்துவிடுங்கள். அவ்வளவுதான் அதில்.

புது மீன் மட்டும் செத்த விஷயத்துக்கு வருவோம். சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் வாங்கி, பஸ்ஸில் மூன்று மணி நேரம் பையிலேயே கொண்டு வருகிறீர்கள் என்று வையுங்கள். பைக்குள் மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடால் பிஎச் இறங்கியிருக்கும், அம்மோனியாவும் சேர்ந்திருக்கும், ஆனால் பிஎச் குறைவால் அது அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்து வைத்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், பிஎச் ஏறும், அம்மோனியா விழித்துக்கொள்ளும். ஆகவே கட்டிய பையைக் கால் மணி நேரம் மிதக்க விட்டு வெப்பத்தைச் சரி செய்யுங்கள், திறந்த பிறகு ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்காமல் சில நிமிடங்களில் மீனை வலையால் எடுத்துத் தொட்டியில் விடுங்கள், பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. கடையில் ஆர்ஓ தண்ணீரில் வைத்திருந்து உங்கள் வீட்டில் டிடிஎஸ் ஆயிரத்தைத் தொடும் போர் தண்ணீர் என்றால் அந்த அதிர்ச்சியிலும் ஓரிரு நாளில் சாகும், வாங்கும்போதே என்ன தண்ணீர் என்று கேட்டு வாங்குங்கள். அந்த வித்தியாசம் பெரிதாக இருந்தால் மட்டும் மீனைச் சுத்தமான கடைத் தண்ணீரில் வைத்து, இரண்டு மூன்று நாளில் படிப்படியாக நம் தண்ணீருக்குப் பழக்குவது நல்லது.

நோயை ஏன் கடைசியில் வைத்தேன் என்றால், நம் ஆட்கள் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான், முதலில் ஊற்றுவது நீல மருந்தைத்தான். மெத்திலீன் நீலம் பில்டர் பாக்டீரியாவைப் பாதிக்கும், பார்மலின் கலந்த மருந்து ஆக்சிஜனைக் குறைக்கும், ஆகவே தண்ணீர்தான் கெட்டிருக்கிறது என்றால் இவை இன்னும் கெடுக்கும். தண்ணீர்ச் சோதனையில் எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் நோய் பக்கம் வாருங்கள். உப்புத் தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளி, பொன் தூசு மாதிரி மினுக்கம், வாயோரம் பஞ்சு போல வெள்ளை, முதுகில் சேணம் போட்டது மாதிரி வெளிறிய பட்டை, இவற்றைத் தேடுங்கள். கடைசியாகச் சொன்ன இரண்டும் காலம்நாரிஸ் என்ற பாக்டீரியா நோயின் அடையாளம். சூடான தண்ணீரில் அது ஓரிரு நாளில் கொல்லும், வேகமாகக் கொல்லும் நோய் என்று பார்த்தால் அதுதான் முதலில் நினைவுக்கு வர வேண்டும்.

தட்டில் எடுத்து வைத்த மீனை இப்போது பாருங்கள். செத்து நேரமானால் செவுள் தானாகவே வெளுத்துவிடும், அதனால் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்தால்தான் பயன். செவுள் மூடியைப் பல் குத்தும் குச்சியால் தூக்குங்கள். நல்ல செவுள் மீன் மார்க்கெட்டில் புது மீனைப் பார்த்து வாங்குவோமே, அந்தச் சிவப்பில் இருக்கும். காபி நிறம் என்றால் நைட்ரைட். வீங்கி, ரத்தம் கட்டி, வழவழவென்று சளி பிடித்திருந்தால் அம்மோனியாவோ குளோரினோ அரித்திருக்கலாம். வாய் அகலத் திறந்து, செவுள் மூடிகள் விரிந்தபடி செத்திருந்தால் மூச்சுத் திணறல். இதில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், சோதனை எண்ணோடும் வீட்டில் கேட்டறிந்ததோடும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் பிரிட்ஜில் இருக்கும் பாட்டிலை எடுத்துக்கொண்டு நல்ல கடைக்குப் போங்கள், சோதித்துத் தரும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அப்போது மீன் என்ன வகை, எத்தனை, எத்தனை லிட்டர், கடைசியாக எப்போது எவ்வளவு தண்ணீர் மாற்றினீர்கள், சாவு எந்த நேரம் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு போனால் அவர்களாலும் யோசிக்க முடியும். "மீன் சாகுது, மருந்து குடுங்க" என்று கேட்டால் ஏதாவது ஒரு பாட்டில்தான் கிடைக்கும்.

பிழைத்தவை இருந்தால் அடுத்த பத்து நாள் தினமும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள், ஏறினால் தண்ணீர் மாற்றுங்கள், தீனி இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை போதும். நண்பர் யாராவது நல்லபடியாகத் தொட்டி ஓட்டிக்கொண்டிருந்தால் அவருடைய பில்டரிலிருந்து ஒரு துண்டு பழைய பஞ்சை வாங்கி, ஈரம் காயாமல் கொண்டு வந்து உங்கள் பில்டரில் சொருகுங்கள், அதைவிட வேகமாகத் தொட்டியைத் தேற்றும் வழி எனக்குத் தெரியாது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்யத்தில் நின்ற பிறகு, சின்ன மீன் இரண்டு மட்டும் விடுங்கள். அடுத்த ஜோடி அதற்கு இரண்டு வாரம் கழித்து.